வண்டியின் முன்பக்கம் எது

பிப்ரவரி 9, திங்கள்

லேமினேஷன் கடைக்காரனை இன்று வாய் வலிக்கத் திட்டினேன். பளபளப்பு வேண்டாம், 'மேட்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். பளபளவென்று மின்னும் ஷீட்டை ஒட்டி அனுப்பிவிட்டான். கோர்ட் ஜன்னல் வெளிச்சம் முழுக்க அதன் மேல் விழுந்து, ஒரு வழக்குக்காக நான் இரண்டு வாரம் உட்கார்ந்து போர்டில் வரைந்த சுவர் விரிசல் ஒருவர் கண்ணிலும் படவில்லை. "இதுல என்னைத் தவிர வேற ஒண்ணும் தெரியலையே" என்றாராம் நீதிபதி. கோர்ட்டே சிரித்ததாம். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன.

வக்கீலம்மா போனில் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த வேலையையும் கொடுத்தார். ஸ்கூல் வேன் ஓட்டும் ஒரு பெண். வேன் மோதி, சைக்கிளில் போன தையல்காரர் இறந்துவிட்டார். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கார் திடீரென்று வெளியே வந்தது, அதில் இடிக்காமல் இருக்கத்தான் ஒடித்தேன் என்கிறார் அந்தப் பெண். காரை வேறு யாரும் பார்க்கவில்லை. கேமராவும் இல்லை. அந்தக் கார் நிற்கவே இல்லை.

"யாரும் பாக்காத காரைக் காட்டணும். முடியுமா?"

"இருந்துச்சுன்னா காட்டலாம்."

"அதத்தாம்மா ஜட்ஜும் கேப்பாரு" என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 12, வியாழன்

இடத்தை அளந்துவிட்டு வந்தேன். டேப், கேமரா, ஒரு ஸ்டூல். வேன் ஓட்டுபவரின் கண் மட்டத்துக்குக் கேமரா போக வேண்டும், அதற்குத்தான் ஸ்டூல். ரோட்டோரம் ஸ்டூல் மேல் நிற்கும் பெண்ணை ஊர் சும்மா விடுமா? ஒரு பெரியவர் நின்று, "என்னம்மா, கல்யாண வீடியோவா? மாப்பிள்ளை எங்க?" என்றார்.

சந்தின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். உள்ளே அடுக்குமாடி வீடுகள். சந்திலிருந்து வரும் வண்டி ரோட்டுக்குள் நுழைந்த பிறகுதான் வேனில் இருப்பவருக்குத் தெரியும். அந்தப் பெண் சொல்வது நடக்கக்கூடியதுதான்.

எதிரில் ஸ்டேஷனரி கடை. அவர்தான் போலீஸ் தரப்பின் முக்கிய சாட்சி. "காரும் இல்ல, கீரும் இல்ல. டமால்னு சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன், வேன் செவுத்துல நிக்குது." சத்தம் கேட்ட பிறகு எட்டிப் பார்த்த மனுஷன், அதற்கு முன்னால் கார் இல்லை என்று எப்படிச் சொல்கிறார்? வக்கீலம்மாவிடம் சொல்ல வேண்டும்.

மதிலில் ஓரிடம் மட்டும் புதுப் பூச்சு, வேறு நிறத்தில். அதைப் படம் எடுக்கக் கொஞ்சம் நேரமானது. வேன் மோதிய இடம் அதுதான்.

பிப்ரவரி 16, திங்கள்

அந்தப் பெண் என் ஆபீசுக்கு வந்தார். குழந்தைகள் வைத்த பெயர் வேன் அக்கா, எல்லாரும் அப்படியே கூப்பிடுகிறார்கள். லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு மூடி போடுகிறார்.

"புள்ளைங்கள எறக்கி விட்டுட்டு வந்துட்டு இருந்தேன். வண்டி காலி. அது ஒண்ணுதான் கடவுள் செஞ்ச நல்லது" என்றார். பிறகு, "எங்கம்மா படுத்த படுக்கை. நான் உள்ள போயிட்டா அவங்களப் பொரட்டிப் போடக்கூட ஆளில்ல, மேடம்."

கார் எந்த நிறம்? வெள்ளையா, சாம்பலா, தெரியாது. நேராகத்தானே வந்தது? "சட்டுனு வந்துச்சு. பளிச்சுனு வெள்ளையா ஒரு வெளிச்சம். அவ்வளவுதான் ஞாபகம். இதச் சொன்னாத்தான் எல்லாரும் சிரிக்கிறாங்க."

போலீஸ் நன்றாகவே சிரித்திருக்கிறார்கள். பட்டப்பகலில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு எவன் வருவான், கதை விடாதே என்று கேட்டிருக்கிறார்கள். வக்கீலம்மாவும் வெளிச்சத்தைப் படத்தில் போட வேண்டாம் என்றார். "கேக்க நம்பற மாதிரி இல்ல. நம்ம தலையிலேயே விழும். ஒரு போர்டு, ஒரு விஷயம். மதில் மறைக்குது, கார் வருது, வேன் ஒடிக்குது. முடிஞ்சுது."

பிப்ரவரி 21, சனி

போர்டு தயார். மேலிருந்து பார்க்கும் படம். மதில் அடர் பழுப்பு. வேன் மஞ்சள். காருக்கு நிறம் இல்லை, வெறும் கோட்டு உருவம்தான், ஏனென்றால் நிறம் யாருக்கும் தெரியாது. தெரியாததை நான் வரைய மாட்டேன். வரைந்தால் எதிர்த் தரப்பு வக்கீல் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மொத்தப் படத்தையும் கிழித்துவிடுவார்.

இனி வீட்டுச் சோதனை. வழக்கைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்குத்தான் காட்டுவேன். தெருப்பெயர், தேதி, ஆள் பெயர் எதுவும் படத்தில் இருக்காது. ஒரு மூச்சு விடும் நேரம் காட்டிவிட்டுக் கவிழ்த்துவிடுவேன். என்ன பார்த்தீர்கள் என்று கேட்பேன். நீதிபதி கண்ணிலும் அதுதான் படப்போகிறது. யோசிக்க விட்டால் எல்லாரும் புத்திசாலி ஆகிவிடுகிறார்கள், அது எனக்குப் பிரயோஜனமில்லை.

சோதனை எலிகள் இரண்டு. மாடியில் இருக்கும் அண்ணி, அதாவது இவருடைய அக்கா. அப்புறம் இவர், என் வீட்டுக்காரர்.

அண்ணி: "சந்துலேர்ந்து ஒரு காரு மூக்க நீட்டுது, வேன் பயந்து ஓடுது. ஏன்டி, வேனுக்கு மஞ்சக்காமாலையா? இப்படிப் பூசி வெச்சிருக்க?" மஞ்சளைக் குறைக்க வேண்டும். அண்ணி வாய் பொல்லாதது, கண் பொய் சொல்லாது.

இவர் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "சந்துலேர்ந்து ஒரு கார் ரிவர்ஸ்ல வருது. வேன் ஒடிக்குது."

"ரிவர்ஸா? நேராத்தானே வருது?"

"அப்படியா? எனக்கு அப்படித்தான் பட்டுது."

சை! மேலிருந்து பார்த்தால் காரின் முன்னும் பின்னும் ஒரே மாதிரி சோப்புக்கட்டிதான். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டாமா நான்? இத்தனை வருஷம் என்னத்தைக் கிழித்தேன்?

பிப்ரவரி 22, ஞாயிறு

முன் கண்ணாடியைப் பெரிதாக்கினேன். பானெட்டுக்குக் கோடு போட்டேன். அம்புக்குறி வேறு. இனி இது ரிவர்ஸ் என்று யாராவது சொன்னால் கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டியதுதான்.

பிப்ரவரி 25, புதன்

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், டாக்டரின் மாமியார். மூவரும் சொல்லி வைத்தாற்போல் நேராக வருகிறது என்றார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது இவருக்கும் மறுபடி காட்டினேன். இந்த முறை கவிழ்க்க விடாமல் போர்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நேரா வருது. இப்ப சரியா இருக்கு" என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவினார். வயிறு சரியில்லையாம்.

லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன், கண்ட நேரத்தில் கண்ட இடத்தில் சாப்பிட்டால் வயிறு என்ன ஆகும்? யார் கேட்கிறார்கள்.

எனக்குப் படம் தேறிய சந்தோஷம். இருந்தாலும் ஒரு குடைச்சல். ஒருத்தர் கண்ணுக்கு மட்டும் ஏன் தலைகீழாகத் தெரிந்தது? பின்பக்கம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி ஒரு தாளில் வரைந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். எந்தக் கோடு ஏமாற்றியது என்று தெரிந்தால் அடுத்த போர்டுக்கு உதவும்.

மார்ச் 3, செவ்வாய்

வேன் அக்கா போர்டைச் சரிபார்க்க வந்தார். வக்கீலம்மாவும் இருந்தார். நான் ஸ்டாண்டில் போர்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். திரும்பினால் அக்கா என் மேஜைப் பக்கம் நிற்கிறார். அங்கே ரிவர்ஸ் தாள். அதையே பார்க்கிறார்.

"அக்கா, அது இல்ல. அது சும்மா. இங்க பாருங்க."

அவர் நகரவில்லை. காரின் பின்பக்கம், விளக்கு இருக்கும் இடத்தில் விரலை வைத்தார். "இங்கதான் அந்த வெளிச்சம். கீழ, ஒரு ஓரமா, வெள்ளையா. மேடம், இது காரோட பின்பக்கமா?"

ரிவர்ஸ் லைட்!

வக்கீலம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பட்டப்பகல்ல வெள்ள லைட்டு. ரிவர்ஸ் கியர் போட்டா தானா எரியும்! இத்தன மாசமா எவனுக்கும் தோணலையே! படக்காரம்மா, நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

அக்கா அழுதார். பொய் சொல்லவில்லை, பொய் சொல்லவில்லை என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

நான் எப்படிக் கண்டுபிடித்தேன்?

நான் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் 4, புதன்

இல்லை. இருக்காது. ஊரில் ஆயிரம் பேர் ரிவர்ஸில் வருகிறார்கள். லிஃப்ட்காரர் நாள் முழுக்கச் சந்து சந்தாக வண்டியைப் பின்னால் எடுப்பவர். அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பார்.

அப்படியானால் இரண்டாம் தடவை ஏன் விளிம்பைப் பிடித்தார்? ஏன் எழுந்து போனார்?

அந்த அடுக்குமாடியில் லிஃப்ட் இருக்கிறது. மதிலுக்கு மேலே லிஃப்ட் அறையை நான்தானே படம் எடுத்தேன். என் கையால்.

என்ன எழுதறேன்னே தெரியல.

மார்ச் 5, வியாழன்

கேட்டுவிட்டேன்.

சுற்றி வளைக்கவில்லை. இரண்டு தாளையும் சமையல் மேடையில் வைத்து, "அந்தச் சந்துல இருந்தது நீங்களா?" என்றேன். பால் பொங்கி வழிந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நம்பியிருப்பேன், சத்தியமாக நம்பியிருப்பேன். "ஆமா" என்றார். அவ்வளவு சுலபமாக.

அங்கே லிஃப்ட் வேலை முடிந்து கிளம்பும்போது வேறொரு கட்டடத்திலிருந்து போன் வந்ததாம். லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே ஒரு பெண், கையில் குழந்தை. சந்துக்குள் வண்டியைத் திருப்ப இடமில்லை. அவசரத்தில் அப்படியே பின்னால் எடுத்துவிட்டார். வேன் ஒடிப்பதைப் பார்த்தார். சுவரில் மோதும் சத்தம். நேராக்கிக்கொண்டு போய்விட்டார்.

"என் வண்டில யாரும் இடிக்கல. வேன் செவுத்துல இடிச்சுது, அவ்வளவுதான்னு நெனச்சேன். அங்க ஒருத்தி மூச்சு முட்டி நின்னுட்டு இருக்கா. ஆள் செத்ததே மறுநாள் பேப்பர் பாத்துத்தான் தெரியும்."

"மறுநாள் தெரிஞ்சுதுல்ல?"

இவர் ரிவர்ஸ் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தப் பொண்ண புடிச்சது தெரியும். கார் எதுவுமே வரல, கதை கட்டறான்னு எழுதுனாங்களே, அதுவும் தெரியும். இத்தன மாசமா என் பக்கத்துல படுத்துத் தூங்குனீங்களே, எப்படிங்க?"

"தூங்கல" என்றார்.

இவருக்கு அண்ணி வைத்த பெயர் சேஃப்டி. கதவு சரியாக மூடாமல் லிஃப்ட் ஒரு அங்குலம் நகரக்கூடாது என்று எங்கள் கல்யாண ரிசப்ஷனிலேயே மண்டபத்துக்காரனோடு சண்டை போட்டவர். இந்த ஆளா? பதினெட்டு வருஷமா கூட இருக்கறேனே, இந்த ஆளா?

மார்ச் 6, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணி இறங்கி வந்தார். இவர் சொல்லிவிட்டார் போல. உட்காரக்கூட இல்லை.

"என்ன பண்ணப் போற?"

"வக்கீலம்மாகிட்ட சொல்லணும்."

"உன் வாயால உன் தாலிக்குக் குழி தோண்டப் போற. அப்படித்தானே?"

"அண்ணி, அங்க ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போகப் போறா. அவங்கம்மா படுத்த படுக்கை."

"போறவ யாரோ. இவன் என் தம்பி." கதவு வரை போய்த் திரும்பினார். "நீ படம் போட்டுப் பொழைக்கறவதானே? நேரா வர்ற மாதிரி போட்ட படம் இருக்குல்ல, அதக் குடுத்துட்டுப் பேசாம இரு. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் போர்டு அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. கேஸ் சிலிண்டர்காரர் வரை நம்பிய படம்.

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிட்டேன். போவதற்கு முன் இவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். இவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே தலையாட்டினார், நிமிரவில்லை.

வக்கீலம்மா ஆயிரம் பேரைக் குறுக்கு விசாரணை செய்தவர். நான் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

அப்புறம் வக்கீல் குரல் வந்துவிட்டது. "இனிமே இந்த கேஸ்ல நீங்க ஒரு கோடு கூட வரையக் கூடாது. உங்க ஃபைல், தாள் எல்லாம் இங்க வெச்சுட்டுப் போங்க. அவருக்கு வேற வக்கீல் பாருங்க, இன்னிக்கே. நான் அவருக்கு எதிர்ல நிக்கறவ, புரியுதா? வேன் அக்காகிட்ட எப்ப சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன், நீங்க பேச வேண்டாம்."

புரிகிறது என்றேன். அப்போதுதான் முதல்முறையாக என்னை 'நீங்க' என்று கூப்பிட்டார் என்பது மாடிப்படி இறங்கும்போது உறைத்தது.

மார்ச் 14, சனி

இவருடைய வக்கீல் ஒரு இளைஞர். "சார் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. தனக்கு எதிரா பேச யாரையும் கட்டாயப்படுத்த முடியாது" என்றார். சொல்லப் போகிறேன் என்று இவர் சொன்னார். அப்படியானால் இவ்வளவு மட்டும் சொல்லுங்கள் என்றார் வக்கீல். பின்னால் எடுத்தேன், வேன் ஒடித்தது, சுவரில் மோதியது. ஆளைப் பார்க்கவில்லை, அதனால் நிற்கவில்லை. "அந்தக் கடைசி வரிதான் முக்கியம். பாத்துட்டுப் போனா அது வேற கேஸ்."

"ஆளப் பாக்கல" என்றார் இவர். என்னிடம் சொன்னதும் அதுதான்.

மார்ச் 22, ஞாயிறு

செய்யக் கூடாததைச் செய்தேன். இந்த வழக்கில் ஒரு கோடு வரையாதே என்றார்கள், வரையவில்லை. உட்கார்ந்து பார்த்தேன்.

காலையில் இவர் காரை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். சந்திலிருந்து பின்னால் வந்து நேராக்கினால் கார் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும், சக்கரத்தின் வளைவை வரைந்து பழகியவள்தானே. அங்கே நிறுத்தினேன். சீட்டையும் நடுக் கண்ணாடியையும் தொடவில்லை. இவர் வைத்திருந்தபடியே இருந்தன. இவர் என்னைவிட உயரம். சீட்டின் மேல் ஒரு தலையணையை மடித்து வைத்து இவர் கண் மட்டத்துக்கு வந்தேன். எத்தனையோ பேருடைய கண் மட்டத்துக்கு ஏறியிறங்கியிருக்கிறேன்.

நிமிர்ந்து பார்த்தேன்.

நடைபாதை, மதில், புதுப் பூச்சு எல்லாம் கண்ணாடிக்கு நட்டநடுவில் இருக்கிறது. எதுவும் மறைக்கவில்லை. ஒரு மரம் இல்லை, ஒரு கம்பம் இல்லை. பூச்சுக்குக் கீழே ஒரு பூனை படுத்திருந்தது, அதன் வால் அசைவது தெரிந்தது.

அய்யோ.

மார்ச் 23, திங்கள்

இவரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று பயமில்லை. கேட்டபின் நான் யாரிடம் போய்ச் சொல்வேன் என்றுதான் பயம். ஒரு தடவை காட்டிக்கொடுத்தாயிற்று. இன்னொரு தடவை என்னால் முடியுமா?

ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். உப்பு எங்கே, தண்ணீர் எங்கே. அவ்வளவுதான் பேச்சு.

ஏப்ரல் 16, வியாழன்

இன்று இவர் சாட்சி சொன்னார்.

நான் கடைசி வரிசை. அண்ணியும் வந்திருந்தார், இரண்டு வரிசை முன்னால், என்னைப் பார்க்காமல். வேன் அக்கா தன் வக்கீலுக்குப் பின்னால் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. போர்டு வேறு யாரோ செய்தது. எழுத்து பொடி, சிவப்பு அதிகம், வடக்கு எந்தப் பக்கம் என்றே இல்லை. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

வக்கீலம்மா கேட்டார், கார் எந்தப் பக்கமாக வந்தது? இவர் இறங்கிப் போய் போர்டில் காட்டினார். பின்பக்கம் ரோட்டைப் பார்த்து. விளக்கு எரிந்ததா? எரிந்திருக்கும், ரிவர்ஸ் போட்டால் எரியும். கடைக்காரர் பக்கம் ஒரு முணுமுணுப்பு. வேன் அக்கா குனிந்துவிட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வக்கீலம்மாவுக்கு அவ்வளவுதான் தேவை. போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். கார் வந்ததென்றால் ஏன் நிற்கவில்லை? அந்த இளம் வக்கீல் உடனே நிமிர்ந்தார், பதில் சொல்ல வேண்டாம் என்று இவரைப் பார்த்துத் தலையசைத்தார். நீதிபதியும் சொன்னார், விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டியதில்லை.

இவர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேங்க" என்றார்.

"என்ன பாத்தீங்க?"

"கண்ணாடில பாத்தேன். அவர் விழுந்து கிடந்தாரு. கைய ஒரு தடவ தூக்கினாரு. பாத்துட்டுத்தான் போனேன்."

அண்ணி "டேய்" என்றார், சத்தமாக, கோர்ட் என்றுகூடப் பார்க்காமல்.

கையைத் தூக்கினார். அது எனக்குத் தெரியாது. அன்று கண்ணாடியில் பார்த்தபோது, விழுந்து கிடந்தவரை இவர் பார்த்திருப்பார் என்றுதான் நினைத்தேன். உயிரோடு, கையைத் தூக்கிக்கொண்டு—இது எனக்குத் தோன்றவே இல்லையே. அப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வராந்தாவில் வேன் அக்கா என்னிடம் வந்தார். வக்கீலம்மா தடுக்கப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

"நீங்க அவரு வீட்டுக்காரம்மான்னு இப்பத்தான் சொன்னாங்க." என்னை மேலும் கீழும் பார்த்தார். நன்றி சொல்வார் என்றோ திட்டுவார் என்றோ காத்திருந்தேன். "இனிமே அந்த வீட்டுக்கு எப்படி மேடம் போவீங்க?" என்றார்.

பஸ்ஸில்தான் போனேன். இவர் அண்ணியோடு காரில் வந்தார்.

மே 8, வெள்ளி

வேன் அக்கா விடுதலை. லைசென்ஸைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு. வக்கீலம்மா குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார், தீர்ப்பு மட்டும், வேறொரு வார்த்தையும் இல்லை.

மே 11, திங்கள்

இவர் மேல் வழக்குப் பதிவு. லைசென்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்த இளம் வக்கீல் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார், நடுக் கண்ணாடியில் என்ன தெரியும், எவ்வளவு நேரம் தெரியும் என்று ஒரு போர்டு போட முடியுமா, தெரிந்தவர் யாராவது இருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குத் தெரிந்து யாருமில்லை என்றேன்.

ஜூன் 3, புதன்

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். இவரை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆபீஸ் போவது. இன்று ஒரு குறுகலான தெருவில் லிஃப்ட் வேலை, திருப்ப இடமில்லை. நான் ரிவர்ஸ் போட்டதும், பையோடு கட்டடத்துக்குள் போய்க்கொண்டிருந்தவர் திரும்பி வந்தார். பையைத் தரையில் வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் ரோட்டில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு சைக்கிள் போகும் வரை உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தி வைத்தார். அப்புறம் வா, வா என்று கையசைத்தார். நான் மெதுவாகப் பின்னால் வந்தேன்.